இலவச லைசன்ஸ்: பில் யாருக்குப் போகுது?

1/ இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. நான் மீன் பிடிக்கப் போன கதை. அதுவும் அமெரிக்காவில. ஆனா கதை கடைசியில ஒரு கேள்விக்கு வந்து நிக்கும்: ஒரு அரசாங்கம் ஒருத்தருக்கு "இது உங்களுக்கு இலவசம்"னு சொல்லும்போது, அந்தக் காசை உண்மையில யார் கட்டுறாங்க? கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/ 2018 ஏப்ரல். அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அம்மாவைத் தனியா அனுப்ப மனசில்லாம, ஆஸ்பத்திரியில ஈட்டிய விடுப்பு போட்டு, டெக்சாஸ் மாநிலம் டாலஸ் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். குழந்தை நல்லபடியா பிறந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டில எனக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மாவும் அக்காவும் பத்தியச் சமையல் பத்திச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. மாமாதான் "பக்கத்து வீட்டுப் பெரியவர் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போறார், நீயும் போயிட்டு வா"ன்னு சொல்லி என்னைத் தப்பிக்க வச்சார்.

3/ பெரியவருக்கு அப்போ எழுபது இருக்கும். வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவர். கை குலுக்கினப்பவே தெரிஞ்சுது, வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியே இருக்கு, உள்ளங்கைச் சதை வத்திப் போயிருக்கு. அல்நார் நரம்பு அடிபட்ட கை. டாக்டர் புத்தி, முகத்தைப் பாக்கிறதுக்கு முன்னாடி கையைப் பாத்துட்டேன். அவரும் அதைக் கவனிச்சுட்டார். "குண்டுச் சிதறல். 1969"னு மட்டும் சொன்னார். அதுக்கு மேல நானும் கேக்கலை.

4/ போற வழியில ஒரு கடையில வண்டியை நிறுத்தினார். "உனக்கு லைசன்ஸ் வாங்கணும்." நான் சிரிச்சுட்டேன். ஏரியில தூண்டில் போடுறதுக்கு லைசன்ஸா? நம்ம ஊர்ல கண்மாய்க் கரையில மூங்கில் குச்சியோட நின்ன எனக்கு அது புதுசு. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு நாள் லைசன்ஸ் 16 டாலர். அன்னைக்கு மதிப்புல ஆயிரம் ரூபாய்க்கும் மேல. வாங்கினேன். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸ்ல இருக்கு.

5/ கடைக்காரர் பெரியவரோட லைசன்ஸைப் பாத்துட்டு, "நீங்க காசு கட்டி வாங்கியிருக்கீங்களே, உங்களுக்கு இலவசமாச்சே"ன்னார். டெக்சாஸ்ல, ராணுவப் பணியால வந்த ஊனம் 50 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிற முன்னாள் படைவீரருக்கு வேட்டை, மீன்பிடி ரெண்டும் சேர்ந்த லைசன்ஸ் இலவசம். பெரியவருக்கு 70 சதவீதம். ஆனா அவர் 12 டாலர் கொடுத்து, முதியவர்களுக்கான நன்னீர் மீன்பிடி லைசன்ஸ் வாங்கி வச்சிருந்தார். "தெரியும்"னு சொல்லிட்டு தூண்டில் புழுவுக்குக் காசை எடுத்து வச்சார்.

6/ இந்த சதவீதக் கணக்கு ஒரு சுவாரஸ்யமான விஷயம். ஒருத்தருக்கு ஒரு பாதிப்புக்கு 50, இன்னொண்ணுக்கு 30 சதவீதம்னா கூட்டி 80 போட மாட்டாங்க. 50 போக மீதி இருக்கிற 50-ல 30 சதவீதம் எடுப்பாங்க, அதாவது 15. ஆக 65. அதை 70-ஆ ஆக்கிடுவாங்க. நாங்க இங்க மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுக்கும்போதும் ரெண்டு ஊனத்தை அப்படியே கூட்டுறது இல்லை. அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு. 39-க்கும் 40-க்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு சதவீதத்துக்காக ஒரு குடும்பமே என் டேபிள் முன்னாடி அழுததைப் பாத்திருக்கேன். அதனால "70 சதவீதம்"னு யாராவது சொன்னா எனக்கு அது வெறும் நம்பரா கேக்காது.

7/ படகில இன்னொருத்தரும் வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அந்தத் தம்பி இராக் போயிட்டு வந்தவர். காலையில இருந்து மதியம் வரைக்கும் மொத்தமா பத்து வார்த்தை பேசியிருப்பார். அவர்கிட்ட இருந்தது இலவச லைசன்ஸ். கூடப் போய் அதை எடுத்துக் கொடுத்தவரே நம்ம பெரியவர்தான். எனக்குக் குழப்பம். தனக்கு வேண்டாம்னு ஒதுக்கினதை, இன்னொருத்தருக்கு இவரே ஏன் வாங்கித் தரணும்?

8/ கேட்டேன். அவர் சொன்ன பதிலைப் புரிஞ்சுக்க, அங்க காடும் ஏரியும் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும். நமக்கு இது விசித்திரமா இருக்கும். இந்தியாவில வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ பொழுதுபோக்கு வேட்டைங்கிற பேச்சே இல்லை. அமெரிக்காவில நேர் எதிர். காட்டு விலங்கைக் காப்பாத்துற செலவுல பெரிய பங்கு வேட்டைக்காரர் பர்ஸ்ல இருந்துதான் வருது.

9/ ஏன் அப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டுல அவங்க கண்ணு மண்ணு தெரியாம சுட்டுத் தள்ளினாங்க. வானத்தை மறைக்கிற அளவுக்குக் கூட்டமா பறந்த பயணிப் புறாவோட கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்னைக்கு சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில செத்துச்சு. காட்டெருமை அழியற நிலைக்கு வந்துச்சு. மான்களே சில லட்சமா குறைஞ்சுது. அப்புறம்தான் சுதாரிச்சாங்க. சீசன் வச்சாங்க, எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வச்சாங்க, லைசன்ஸ் வச்சாங்க.

10/ 1937-ல பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்துச்சு. துப்பாக்கி, தோட்டா மேல ஒரு வரி: நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். இந்தப் பணம் மாநிலங்களோட வனவிலங்குத் துறைகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கப்படும். 1950-ல இதே மாதிரி டிங்கெல்-ஜான்சன் சட்டம், தூண்டில், ரீல் மேல வரி போட்டு மீன்களுக்கு. ரெண்டும் சேர்த்து 2023-ல மாநிலங்களுக்குப் போனது சுமார் 160 கோடி டாலர்.

11/ இதுல மூணு விதி முக்கியம். ஒண்ணு: லைசன்ஸ் பணத்தை மாநிலம் வேற எதுக்கும் திருப்பக் கூடாது. ரோடு போடுறேன், பாலம் கட்டுறேன்னு எடுத்தா மத்திய அரசுப் பணம் நின்னுடும். ரெண்டு: மாநிலம் 1 டாலர் போட்டா மத்திய அரசு 3 டாலர் போடும். மூணு: எந்த மாநிலத்துக்கு எவ்வளவுங்கிறது பரப்பளவையும், காசு கட்டி லைசன்ஸ் வாங்கினவங்க எண்ணிக்கையையும் வச்சு முடிவாகும். "காசு கட்டி"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. மாநிலத்துக்கு ஓரிரு டாலராவது வந்திருந்தாதான் அந்தத் தலை கணக்குல சேரும். சும்மா கொடுத்த லைசன்ஸ் சேராது.

12/ இப்போ ஒரு உதாரணக் கணக்கு. இது நான் போட்ட கற்பனை நம்பர்தான், எந்த மாநிலத்தோடதும் இல்லை. ஒரு மாநிலத்துல லைசன்ஸ் 30 டாலர். 40,000 முன்னாள் வீரர்களுக்கு இலவசம்னு அறிவிக்கிறாங்க. 12 லட்சம் டாலர் நஷ்டமா? இல்லை. இலவசம்கிறதாலேயே வாங்கினவங்க இருப்பாங்க. காசுன்னா அவங்க வாங்கியிருக்கவே மாட்டாங்க. பாதிப் பேர்னு வைங்க. அப்போ நஷ்டம் 6 லட்சம். மாநிலத்தோட பங்குக்கே பணம் தட்டுப்படுற துறையா இருந்தா, அந்த 6 லட்சம் இழுத்துட்டு வரவேண்டிய 18 லட்சமும் வராது. மொத்தம் 24 லட்சம் வரைக்கும் போகும். கூடவே தலைக்கணக்குப் பங்கும் குறையும்.

13/ இந்தப் பணத்துல என்ன நடக்குது? மீன் குஞ்சு பொரிச்சு ஏரிகள்ல விடுறாங்க. சதுப்பு நிலத்தைக் காப்பாத்துறாங்க. ராத்திரியில திருட்டு வேட்டையாடுறவனைப் பிடிக்கிற வார்டன் சம்பளமும் லைசன்ஸ் பணத்துல இருந்து வருது. எங்க துறைக்குப் பக்கத்துல வர்ற ஒண்ணும் இருக்கு: மான்களுக்கு வர்ற சி.டபிள்யூ.டி.ங்கிற மூளை நோய். பிரையான்ங்கிற கெட்டுப்போன புரதத்தால வர்றது, மருந்தே கிடையாது. 1967-ல கொலராடோவில முதல்ல பாத்தாங்க, 2012-ல டெக்சாஸ்லயும் வந்துச்சு. மனுஷனுக்குப் பரவினதா இதுவரை உறுதியான கேஸ் இல்லை. ஆனா நோய் இருக்கிற பகுதியில சுட்ட மானைப் பரிசோதிச்சுட்டுச் சாப்பிடுங்கன்னுதான் அமெரிக்க சி.டி.சி. சொல்லுது. பரிசோதனைக்கும் காசு வேணும்தானே?

14/ இன்னொரு பக்கம், காசு கட்டுற கூட்டம் சுருங்கிட்டே வருது. அமெரிக்காவில 1991-ல 1 கோடியே 41 லட்சம் பேர் வேட்டைக்குப் போனாங்க. 2016-ல 1 கோடியே 15 லட்சம். பழைய ஆட்கள் வயசாகி நிறுத்துறாங்க, புதுசா வர்றவங்க குறைவு. முதியவருக்குச் சலுகை, சின்னப் பசங்களுக்குச் சலுகை, படைவீரருக்குச் சலுகை. ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா நியாயம். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா, மீதி இருக்கிறவங்க தலையில பாரம் ஏறிட்டே போகுது.

15/ இந்தச் சலுகை மசோதா சட்டசபைக்கு வரும்போது என்ன ஆகும்னு யோசிங்க. நாட்டுக்காகக் கையை இழந்தவருக்கு 30 டாலர் சலுகை வேண்டாம்னு எந்த உறுப்பினர் எழுந்து நின்னு சொல்லுவார்? மசோதாவோட செலவுக் குறிப்பு ஒண்ணு வரும், இதனால துறைக்கு இவ்வளவு வருமானம் குறையும்னு. ஓட்டு போடுறவங்களுக்கு அதனால எந்த வலியும் இல்லை. ஏன்னா குறையப் போறது பொது பட்ஜெட் இல்லை, ஏரியோட பட்ஜெட். கைதட்டல் சட்டசபைக்கு, பற்றாக்குறை மீன் பண்ணைக்கு.

16/ எனக்கு இது ரொம்பப் பழக்கமான இடம் மக்களே. கொஞ்ச வருஷம் முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல, கர்ப்பிணிகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம், இலவசம்னு போர்டு வச்சோம். நல்ல திட்டம். ஆனா கூடுதல் ஆள் வரலை, ஸ்ட்ரிப் மாசக் கடைசியில தீர்ந்துடும். ஒரு பொண்ணுகிட்ட நானே "அடுத்த வாரம் வாம்மா"ன்னு சொன்னேன். அந்தம்மா கூலி வேலைக்குப் போறவங்க. திரும்ப வந்தது மூணு வாரம் கழிச்சு. அதுக்குள்ள சர்க்கரை எங்கேயோ போயிருந்துச்சு. தாயும் பிள்ளையும் தப்பிச்சாங்க. ஆனா அந்த மூணு வாரத்துக்கு விலை கொடுத்தது போர்டு வச்ச நாங்க இல்லை, அந்தம்மா.

17/ உடனே "டாக்டர் இலவசத்துக்கு எதிரி"ன்னு எழுதிடாதீங்க. நான் அரசுப் பள்ளியில சத்துணவு சாப்பிட்டு, அரசுக் கல்லூரியில படிச்சு, அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவன். இலவசம் இல்லைன்னா இந்த த்ரெட்டை எழுத நான் இல்லை. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இலவசம்னா விலை இல்லைன்னு அர்த்தம் இல்லை. விலையை வேற ஒருத்தர் கட்டுறார்னு அர்த்தம். நம்ம ஊர் சத்துணவுக்கு எல்லாரோட வரிப் பணமும் போகுது, அது சரி. ஆனா அந்த லைசன்ஸ் விஷயத்துல, மொத்த நாடும் பட்ட நன்றிக் கடனை, தூண்டில் வாங்குறவங்க மட்டும் அடைக்கிறாங்க.

18/ இப்போ படகுக்குத் திரும்புவோம். பெரியவர்கிட்ட கேட்டேன்ல, உங்களுக்கு வேண்டாம், அந்தத் தம்பிக்கு மட்டும் ஏன்னு? அவர் ஒரு பாஸ் மீனை அளவுகோல்ல வச்சு அளந்துட்டு இருந்தார். 13 அங்குலம். 14 இருந்தாத்தான் எடுக்கலாம். தண்ணியில விட்டுட்டுச் சொன்னார்: "எனக்கு பென்ஷன் வருது. 12 டாலர் எனக்கு ஒரு சாப்பாட்டுக் காசு. இந்த ஏரி அம்பது வருஷமா என்னை மனுஷனா வச்சிருக்கு. அதுக்கு நான் காசு கட்டலைன்னா வேற யார் கட்டுவா? அவனுக்கு அப்படி இல்லை. அவனை வீட்டை விட்டு வெளிய இழுக்க எனக்கு ஒரு சாக்கு வேணும். அந்த லைசன்ஸ்தான் சாக்கு."

19/ டாக்டர்களுக்கு இது உடனே புரியும். ஒரே மாத்திரை ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்குத் தேவையே இல்லாத செலவு. மீன்பிடிப்பை மருத்துவத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தவங்க அங்கேயே இருக்காங்க. 2005-ல வாஷிங்டன் வால்ட்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில, காயம்பட்ட வீரர்களுக்காக ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்னு ஒண்ணு தொடங்குச்சு. தூண்டில் முள்ளுல இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி செய்வாங்க. அடிபட்ட விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மனசுக்கு எவ்வளவு பலன்னு பாத்த ஆய்வுகள் எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள், அதை வச்சு நான் பெருசா உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா ஆறு மணிநேரம் அந்தத் தம்பியோட தோள் எப்படி இறங்குச்சுன்னு நான் பாத்தேன்.

20/ கரைக்கு வந்ததும் தம்பி வண்டியில சாமான் ஏத்திக்கிட்டு இருந்தார். பெரியவர் தாழ்ந்த குரல்ல சொன்னார்: "அந்த லைசன்ஸ்ல வேட்டைக்கும் அனுமதி இருக்கு. நான் அவனை இந்த வருஷம் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகலை. அவனோட துப்பாக்கி எல்லாம் என் வீட்டு லாக்கர்ல இருக்கு. அவனேதான் கொண்டு வந்து கொடுத்தான். நான் எப்போன்னு கேக்கலை, அவன் எப்போன்னு சொல்லலை." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை.

21/ ஏன்னு சொல்றேன். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள்ல 2021-ல மட்டும் தற்கொலை செஞ்சுக்கிட்டவங்க 6,392 பேர். பத்துல ஏழு பேருக்கு மேல துப்பாக்கியால. மனசு உடையற அந்த நேரம் பல பேருக்கு நிமிஷக் கணக்குலதான் இருக்கும். அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறதுதான் உயிரைத் தீர்மானிக்குது. நம்ம ஊர்ல பூச்சிமருந்து டப்பாவை வீட்டுல வைக்காதீங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேனே, அதே பாடம். எந்த மெடிக்கல் காலேஜும் போகாத ஒரு மனுஷன் அதைச் செஞ்சுட்டு இருந்தார். அந்த இலவச லைசன்ஸ் அவருக்குச் சாக்கு மட்டும்தான். உண்மையான சிகிச்சை சனிக்கிழமை காலை அஞ்சு மணிக்கு வண்டி எடுத்துட்டுப் போய் அந்தத் தம்பி வீட்டு வாசல்ல ஹார்ன் அடிச்சது.

22/ ஊருக்கு வந்த அப்புறம் நான் இந்தச் சட்டத்தை எல்லாம் தேடிப் படிச்சேன். பெரியவர் நினைச்ச ஒரு விஷயத்துல சின்ன ஓட்டை இருந்துச்சு. தன்னோட 12 டாலரால டெக்சாஸுக்கு மத்தியப் பங்கு கூடும்னு அவர் நம்பினார். ஆனா எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. டெக்சாஸ் ரொம்பப் பெருசு, ஏற்கெனவே அந்த வரம்புல முட்டி நிக்குது. அதனால அங்க ஒரு தலை கூடினாலும் குறைஞ்சாலும் அந்தப் பங்கு மாறாது. வேற மாநிலத்துல மாறும். இன்னொண்ணும் உண்டு: மொத்தப் பானை குறையறது இல்லை. ஒரு மாநிலம் இழக்கிறது இன்னொரு மாநிலத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஆனா லைசன்ஸ் காசு போனா போனதுதான்.

23/ மாமா வீட்டுக்கு வீடியோ கால் போட்டப்ப பெரியவரும் இருந்தார். இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்போ என் 12 டாலர் வெறும் 12 டாலர்தான்." ஆமான்னேன். "பரவாயில்லை, 12 டாலருக்கு நிறைய மீன் குஞ்சு வரும்"னார். அந்த வருஷமும் காசு கட்டித்தான் வாங்கினாராம்.

24/ அப்போ என்னதான் வழி? சலுகையை நிறுத்தணுமா? வேண்டாம். மூணு விஷயம் எனக்குத் தோணுது. முதல்ல, சலுகை அறிவிக்கிற சட்டசபை, அதே மசோதாவுல, குறையற பணத்தைப் பொது நிதியில இருந்து துறைக்குக் கொடுக்கணும். நன்றி நாட்டோடதுன்னா காசும் நாட்டோடதா இருக்கணும். ரெண்டாவது, முழு இலவசத்துக்குப் பதிலா ஒரு சின்னக் கட்டணம். தலைக்கணக்கும் நிக்கும், சலுகையும் நிக்கும். ஃப்ளோரிடாவில 100 டாலர் லைசன்ஸுக்கு இணையானதை ராணுவத்தினருக்கும் ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கும் 20 டாலருக்குக் கொடுக்கிறாங்க. மூணாவது, லைசன்ஸ் கொடுத்ததோட கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கக் கூடாது. சீட்டைக் கொடுக்கிறது சுலபம், சனிக்கிழமை காலையில வாசல்ல போய் நிக்க ஆள் வேணும்.

25/ கையில காசு இல்லாத ஒரு வீரர் அந்த இலவசத்தை எடுத்துக்கிட்டா அதுல ஒரு துளி தப்பும் இல்லை. அவங்களைக் குத்திக் காட்ட இந்த த்ரெட்டை யாரும் பயன்படுத்தாதீங்க. அவங்க அதுக்கான விலையை வேற இடத்துல, வேற விதமா ஏற்கெனவே கட்டிட்டாங்க. என் கேள்வி அறிவிப்பு செய்றவங்களுக்குத்தான்.

26/ பெரியவர் 2022-ல போயிட்டார். தூக்கத்துலயே. அக்காதான் போன்ல சொன்னாள். துப்பாக்கி லாக்கர் என்ன ஆச்சுன்னுதான் நான் முதல்ல கேட்டேன், அக்காவுக்கு ஏன்னு புரியலை. அந்தத் தம்பி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அதுல பாதியை வித்துட்டாராம், மீதியை பெரியவரோட மகன் வச்சிருக்கார். தம்பி இப்பவும் இலவச லைசன்ஸ்தான் எடுக்கிறார். சனிக்கிழமை காலையில தனியாப் போறது இல்லை. தெருவுல இன்னொரு வீட்டு வாசல்ல போய் ஹார்ன் அடிக்கிறாராம். அங்க யார் இருக்கான்னு நான் கேக்கலை.

27/ கடைசியா ஒண்ணு. உங்க வீட்டுல, தெருவுல, ஆபீஸ்ல யாராவது பேச்சைக் குறைச்சுக்கிட்டு உள்ளேயே அடைஞ்சு கிடந்தா, போய் வாசல்ல நில்லுங்க. டீக்கடைக்குக் கூப்பிடுங்க, கண்மாய்க்குக் கூப்பிடுங்க, எதையாவது சாக்கா சொல்லுங்க. மனசு ரொம்பக் கஷ்டமா இருந்தா 14416-க்குக் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். அந்த நம்பருக்குக் கட்டணம் கிடையாது. அந்தச் செலவு நம்ம எல்லாரோட வரியில இருந்து போகுது. அப்படித்தான் போகணும்.

நாளைக்கு ஓபி இருக்கு, வழக்கம்போல சுகர் பத்தி எழுதுறேன்.